இரவுக் காட்சிகள் வெறும் கறுப்பாகத் தெரிகின்றன: உதவி தேவை

'பிளேர் விட்ச்' 2016 தொடர்ச்சிப் படத்தை ப்ளூரேயில் பார்க்கிறேன். மேரிலாந்துக் காட்டில் தொலைந்த அக்கா ஹெதரைத் தேடி ஜேம்ஸ் போகும் கதை. காதில் மாட்டிய கேமராக்களும் ஒரு ட்ரோனும் எடுத்ததாகத்தான் பெரும்பாலான காட்சிகள் வரும். பகலில் குறையே இல்லை. இருட்டியதும் மரங்களெல்லாம் ஒரே மைக்கறையாகிவிடுகின்றன. கடைசியில் ஜேம்ஸுடன் போன லிசா சுரங்கத்தில் ஊர்ந்து போகும்போது டார்ச் வட்டம் மட்டுமே மிச்சம். மூச்சிரைப்பு மட்டும் துல்லியமாகக் கேட்கிறது. பயத்துக்குப் பதில் எரிச்சல்தான் வருகிறது.

டிவி 43 அங்குல எல்இடி, வாங்கி 4 ஆண்டுகள். ப்ளேயரை மாற்றி 2 வாரம், சிக்கலும் அன்றிலிருந்துதான். பிரைட்னஸைக் கூட்டினால் கறுப்பு சாம்பலாக வெளுக்கிறதே தவிர, மறைந்த மரம் ஒன்றுகூடத் திரும்பவில்லை. மின்சேமிப்பை நிறுத்தினேன், எச்டிஎம்ஐ கேபிளை மாற்றினேன், அறை விளக்கை அணைத்தும் பார்த்தேன். இதே டிஸ்க் நண்பர் வீட்டில் ஒழுங்காக ஓடுகிறது. நேற்றுதான் கவனித்தேன்: ப்ளேயரில் ஆர்ஜிபி வீச்சு (கறுப்பு முதல் வெள்ளை வரையிலான சிக்னல் அளவு) 'ஃபுல்', டிவியில் 'லிமிடெட்'.

ப்ளேயரையும் 'லிமிடெட்' ஆக்கினால் நிழல் விவரங்கள் திரும்புமா, அல்லது வேறு எந்த அமைப்பை மாற்ற வேண்டும்?