நானே கட்டிய ஃபோர்ஸ் ஃபீட்பேக் ஜாய்ஸ்டிக் நடுவில் நிற்காமல் நடுங்குகிறது

முகிலோடி:
வணக்கம் மக்களே. ஃப்ளைட் சிமுக்காக (விமானம் ஓட்டும் கேம்) ஒரு ஃபோர்ஸ் ஃபீட்பேக் ஜாய்ஸ்டிக், அதாவது மோட்டார் வைத்து கைக்கு எதிர்விசை தரும் ஸ்டிக், கட்டிக்கொண்டிருக்கிறேன். கிம்பல் (ஸ்டிக் இரு திசையிலும் சாய உதவும் சட்டம்) 3டி பிரிண்ட், அச்சுகளில் பால் பேரிங், மூளைக்கு அர்டுயினோ ப்ரோ மைக்ரோ போர்டு, பிளானட்டரி கியர்பாக்ஸ் வைத்த 24 வோல்ட் டிசி மோட்டார் இரண்டு, அதற்கு ஆளுக்கொரு பிடிஎஸ்7960 மோட்டார் டிரைவர். நிலை அறிய கிம்பல் அச்சிலேயே காந்தம் ஒட்டி ஏஎஸ்5600 சென்சார் வைத்திருக்கிறேன். விண்டோஸ் கண்டுகொள்கிறது, விசையும் வருகிறது. ஆனால் கையை எடுத்ததும் ஸ்டிக் நடுவில் நிற்காமல் டகடகவென்று நடுங்குகிறது. ஸ்பிரிங்கைக் (நடுவுக்கு இழுக்கும் விசை) குறைத்தால் நடுக்கம் போகிறது, கூடவே விசையும் போய்விடுகிறது. டேம்பரை (வேகத்துக்கு ஏற்ப எதிர்க்கும் விசை) ஏற்றினால் மணலில் இழுப்பது போல ஒரே கரகரப்பு, மோட்டாரிலிருந்து கீச்சுச் சத்தம் வேறு. டிசிஎஸ் என்ற ஃப்ளைட் சிம்மில் இன்னொரு வேடிக்கை: விமானத்தின் மூக்கைத் தூக்கினால் விசை பக்கவாட்டில் அடிக்கிறது. இன்னும் பெரிய மோட்டார் போட்டால் சரியாகுமா?

பல்சக்கரம்:
பெரிய மோட்டார் போட்டால் நடுக்கமும் பெரிதாகும், அவ்வளவுதான். ஸ்பிரிங் விசையைப் பொறுத்தவரை கேம் அனுப்புவது "நடு இங்கே, விறைப்பு இவ்வளவு" என்ற தகவல் மட்டுமே, நொடிக்கு நொடி கணக்குப் போட்டு மோட்டாரைத் தள்ளுவது உங்கள் போர்டுதான், அதனால் கேமைத் திட்ட வேண்டாம். சந்தேகம் முழுக்க அந்தக் கியர்பாக்ஸ் மேல். ஸ்டிக் நடுவைத் தாண்டியதும் மோட்டார் திசை மாறுகிறது, ஆனால் பற்களுக்கு இடையே உள்ள ஆட்டத்தைக் கடந்து மறுபக்கம் போய் முட்டும்வரை ஸ்டிக்குக்கு எதுவுமே எட்டாது, முட்டியதும் ஓங்கித் தள்ளும், ஸ்டிக் மறுபடி நடுவைத் தாண்டும். எந்த ட்யூனிங்கும் இதை முழுதாக அடக்காது.

கியர்பாக்ஸைத் தூக்கிவிட்டு டைமிங் பெல்ட்டுக்குப் போங்கள். கணக்கு எளிது: பிடி அச்சிலிருந்து 20 செ.மீ உயரத்தில் இருக்கிறது, கையில் 20 நியூட்டன் வேண்டும் என்றால் அச்சில் 4 நியூட்டன் மீட்டர் முறுக்கு. மோட்டார் சூடாகாமல் தொடர்ந்து 0.5 தருமென்றால் 8:1 போதும், அதாவது 16 பல் புல்லிக்கு எதிரே 128 பல். ஸ்டிக் ஒவ்வொரு பக்கமும் 20 டிகிரிதான் ஆடும் என்பதால் அந்த 128 பல்லும் முழு வட்டமாகத் தேவையில்லை, ஒரு வில் துண்டு பிரிண்ட் செய்து பெல்ட்டின் இரு முனையையும் அதிலேயே இறுக்கிவிடலாம். ஒரு முனையில் இழுத்து இறுக்க ஸ்குரூ வையுங்கள், பெல்ட் தொய்ந்தால் பழைய கதைதான்.

காந்தக்கண்:
மேலே சொன்னதோடு சென்சாரையும் இடம் மாற்றுங்கள் ப்ரோ. ஏஎஸ்5600 ஒரு முழுச் சுற்றை 4096 படியாகப் பிரிக்கிறது, உங்கள் கிம்பல் ஆடுவது மொத்தம் 40 டிகிரி, ஆக கிடைப்பது 455 படி. ஸ்பிரிங்குக்கு அது பரவாயில்லை. டேம்பருக்கு வேகம் வேண்டும், வேகம் என்பது அடுத்தடுத்த இரண்டு அளவீட்டின் வித்தியாசம், மெதுவாக நகர்த்தும்போது அது 0, 0, 1, 0 என்று வந்தால் மோட்டார் விட்டுவிட்டுத்தானே தள்ளும்? அந்தக் கரகரப்பு அதுதான். காந்தத்தை மோட்டார் அச்சில் ஒட்டினால் 8:1இல் 320 டிகிரி, ஏறத்தாழ 3640 படி. ஒரு சுற்றைத் தாண்டாததால் சுற்றுகளை எண்ணும் தலைவலியும் இல்லை. இரண்டு சென்சாருக்கும் ஒரே ஐ2சி முகவரி (போர்டு சென்சாரை அழைக்கும் எண்), மாற்றவும் முடியாது, இரண்டையும் மாற்றி மாற்றி இணைக்கும் டிசிஏ9548ஏ மல்டிபிளெக்ஸர் போடுங்கள்.

கீச்சுச் சத்தம் பிடபிள்யூஎம் (மோட்டார் மின்சாரத்தை வேகமாக விட்டுவிட்டுத் தரும் முறை) அதிர்வெண். அர்டுயினோவில் இயல்பாக 490 ஹெர்ட்ஸ் வாக்கில் இருக்கும், டைமரை மாற்றி 20 கிலோஹெர்ட்ஸுக்கு ஏற்றினால் காதுக்கு எட்டாது.

மெல்லப்பற:
யாரும் பாதுகாப்பைப் பற்றி வாய் திறக்கவில்லையே! கியர்பாக்ஸோ பெல்ட்டோ, யுஎஸ்பி கழன்றால் விசை உடனே பூஜ்ஜியமாக வேண்டும், கைக்கு எட்டும் இடத்தில் மோட்டார் மின்சாரத்தை மட்டும் துண்டிக்கும் சுவிட்ச் வேண்டும். மைக்ரோசாஃப்டின் பழைய சைட்வைண்டர் ஃபோர்ஸ் ஃபீட்பேக் 2இல், பிடியில் கை இருக்கிறதா என்று பார்க்க ஒரு சென்சாரே இருந்தது, கை எடுத்தால் விசை நின்றுவிடும். அப்புறம், ஸ்டிக்கை மோட்டாருக்கு எதிராக வெடுக்கென்று தள்ளினால் மோட்டாரே ஜெனரேட்டராகி வோல்டேஜை ஏற்றும். பிடிஎஸ்7960 தாங்குவது 27.5 வோல்ட்தான், 24இல் ஓட்டினால் மிச்சம் ரொம்பக் குறைவு. பவர் சப்ளையை 18 அல்லது 20க்கு இறக்குங்கள், இல்லையென்றால் அந்த மிகை மின்சாரத்தைச் சூடாக்கிக் கரைக்கும் பிரேக் ரெசிஸ்டர் போடுங்கள்.

முகிலோடி:
அருமை, ஒரு அச்சில் கியர்பாக்ஸைக் கழற்றியாயிற்று. இப்போதைக்கு பிட்சுக்கு (முன்பின் அச்சு) மட்டும் பெல்ட் மாட்டி, காந்தத்தையும் மோட்டார் பக்கம் கொண்டுபோனேன், அந்த அச்சில் நடுக்கம் இல்லை. ரோல் (பக்கவாட்டு அச்சு) இன்னும் கியரிலேயே நடுங்குகிறது, பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் அப்பட்டம். டிசிஎஸ் சமாச்சாரம் மட்டும் பாக்கி.

மெல்லப்பற:
கண்ட்ரோல்ஸ் பக்கத்தில் உங்கள் ஜாய்ஸ்டிக் நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து எஃப்எஃப் ட்யூன் போங்கள், ஸ்வாப் ஆக்ஸிஸ் என்று ஒரு பெட்டி இருக்கும், டிக் அடியுங்கள். அதற்குப் பிறகும் விசை எதிர்த்திசையில் வந்தால் அங்கேயே இன்வெர்ட். ஹெலிகாப்டர் ஓட்டுவீர்கள் என்றால் ஸ்பெஷல் பக்கத்தில் ட்ரிம்மரை (ஸ்டிக்கை ஒரு நிலையில் பிடித்து வைக்கும் வசதி), ஸ்பிரிங் இல்லாத, ஃபோர்ஸ் ஃபீட்பேக் ஜாய்ஸ்டிக்குக்கு என்று இருக்கும் வகைக்கு மாற்றுங்கள். ட்ரிம் அழுத்தினால் ஸ்டிக் இருந்த இடத்திலேயே நின்றுகொள்ளும்.