பள்ளியில் என்ன நடந்தது என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்கிறான்

தாம்பரம் அம்மா:
ஜூனில் திருநெல்வேலியிலிருந்து தாம்பரத்துக்குக் குடிவந்தோம். மகன் இரண்டாம் வகுப்பு. அங்கே வாய் ஓயாது. இங்கே பள்ளி விட்டு வந்ததும் ஷூவைக்கூடக் கழற்றாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறான். கேட்டால் "ஒண்ணுமில்ல". விளையாட்டு மூலமாகப் பேசவைக்கலாம் என்கிறார்கள். யாராவது வீட்டில் செய்து பார்த்திருக்கிறீர்களா?

அங்கன்வாடி டீச்சர்:
22 வருஷமாகச் சின்னப்பிள்ளைகளோடுதான் இருக்கிறேன்மா. எதிரே உட்கார்ந்து முகத்தைப் பார்த்துக் கேட்டால் பிள்ளை வாயைத் திறக்காது. கைக்கு ஒரு வேலை வேண்டும். நாலு புளியங்கொட்டை எடுங்கள். தாயம் ஆடத் தேய்ப்போமே, அப்படி ஒரு பக்கம் வெள்ளை தெரியும்வரை சிமெண்டுத் தரையில் இரண்டு பேரும் சேர்ந்து தேயுங்கள். கொட்டை சூடாகும், பிள்ளை சிரிக்கும். அந்தத் தேய்க்கிற நேரத்தை மட்டும் அவசரப்படுத்தாதீர்கள்.

அப்புறம் ஒரு கொட்டையை உருட்டிப் போடுங்கள். தேய்த்த பக்கம் விழுந்தால் இன்றைக்குப் பிடித்தது ஒன்று, தேய்க்காத பக்கம் விழுந்தால் பிடிக்காதது ஒன்று. "வெள்ளைன்னா நல்லது, கறுப்புன்னா கெட்டது" என்று சொல்லிவிடாதீர்கள். நிறத்தைச் சொல்லிக் கேலி செய்ததில் வாடிப்போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். முதல் ஆட்டம் உங்களுடையது. நிஜமாக நடந்ததைச் சொல்லுங்கள். அவன் சொன்னால் புத்தி சொல்ல வேண்டாம், "ஏன்டா" என்றும் கேட்க வேண்டாம். "ம்" போதும். அடுத்த ஆட்டம்.

மடிப்பாக்கம் அப்பா:
நாங்கள் பரமபதத்தில் செய்தோம். ஏணி ஏறினால் சந்தோஷமானது, பாம்பு கொத்தினால் வருத்தமானது. மகள் பாம்பில் மாட்டும்போதெல்லாம் அழுதாள். கீழே இறங்கின வருத்தமே போதாதா அவளுக்கு! பிறகு "பாஸ்" சொல்லலாம் என்று வைத்தோம். ஐந்து முறை பாஸ், ஆறாவது முறை பேசினாள்.

தாம்பரம் அம்மா:
மூன்று நாள் ஆடினோம். முதல் நாள், புது ஆபீசில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதைச் சொன்னேன். நிமிர்ந்து பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. நேற்று ஆட்டம் தொடங்கும் முன்னாலேயே, குனிந்து தேய்த்துக்கொண்டே சொன்னான்: "நான் பேசினாலே எல்லாரும் 'ஏல'ன்னு சொல்லிச் சிரிக்காங்கம்மா." "ம்" என்றேன். அப்புறம் சமையலறைக்குப் போய் அழுதேன். மிஸ்ஸிடம் பேசலாமா?

அங்கன்வாடி டீச்சர்:
பேசுங்கள். ஆனால் "மிஸ்கிட்ட சொல்லட்டுமா" என்று முதலில் அவனிடம் கேளுங்கள். கேட்காமல் போனால் இனிமேல் கொட்டையைத் தொடமாட்டான். அடி, மிரட்டல் என்று ஏதாவது தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு எந்நேரமும் கூப்பிடலாம், காசில்லை. வீட்டில் நீங்கள் அவனை "ஏல" என்று கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.