புதுச் சறுக்கு வருவதை எப்போது சொல்வது?

உச்சிப்புளி பக்கம், அரியமான் கடற்கரைக்கு அருகில் சிறிய தண்ணீர்ப் பூங்கா நடத்துகிறோம். புதிதாக 12 மீட்டர் உயரச் சறுக்கு வருகிறது. அதை எப்போது ஊருக்குச் சொல்வது என்று தெரியாமல் நிற்கிறேன்.

போன பொங்கலுக்கே "ஏப்ரலில் அலைக்குளம்" என்று மண்டபம் முதல் ராமநாதபுரம் வரை பேனர் கட்டினோம். பம்ப் வந்து சேரவே ஜூன் ஆகிவிட்டது. பரமக்குடியிலிருந்து வேன் பிடித்து வந்த ஒரு குடும்பம், பிள்ளைகள் அழ அழத் திரும்பிப் போனது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. சரி, சொல்லாமலே திறப்போம் என்று செப்டம்பரில் குழந்தைகள் குளத்தைத் திறந்தோம். யாருக்கும் தெரியவில்லை. அப்புறம் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டது. ராமேஸ்வரம் விடுதிகளில் நோட்டீஸ் வைத்ததில் கொஞ்சம் பேர் வந்தார்கள். ஆனால் யாத்திரை வருகிறவர்களுக்கு முன்கூட்டிய அறிவிப்பு எதற்கு?

இப்போது தூண்கள் நிற்கின்றன, ஃபைபர் துண்டுகள் பாதி வந்துவிட்டன. உப்புக்காற்றுக்குத் தாங்க போல்ட்டுகளை 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாற்றுகிறோம். அதற்கே இரண்டு வாரம். பாதுகாப்புச் சோதனை பாக்கி. ஏப்ரல் நடுவில், பள்ளி விடுமுறையோடு திறக்க ஆசை.

பூங்கா நடத்தியவர்கள் சொல்லுங்கள்: தேதி சொல்லாமல் கட்டுமானப் படங்களை இப்போதே போடலாமா, இல்லை சோதனை ஓட்டம் முடிந்த பிறகுதான் வாய் திறக்க வேண்டுமா?