அகமதாபாத் பழைய நகரம்: அம்மாவுடன் இரண்டு நாள்

காவிரிக்கரை எழுதியது:

வணக்கம். கரூரில் வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் கொள்முதல் பிரிவில் இருக்கிறேன். டிசம்பரில் வேலையாக அகமதாபாத் போகிறேன். வெள்ளிக்கிழமையோடு வேலை முடிந்துவிடும். சனி, ஞாயிறு இரண்டு நாளும் கையில் இருக்கின்றன. அம்மாவும் வருகிறார். 66 வயது, முழங்கால் வலி. படி ஏறி இறங்குவது சிரமம். சமதரையில் மெதுவாக நடந்துவிடுவார்.

கோட்டை, மசூதி, கோயில் என்று இணையத்தில் கிடைத்த பட்டியலைப் படித்துக் காட்டினேன். "அதெல்லாம் இருக்கட்டும், அந்த ஊர்ப் பெண்கள் காலையில் அடுப்பில் என்ன வைக்கிறார்கள்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. ஊரை அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

சாலைப்பயணி எழுதியது:

மாநகராட்சி நடத்தும் பாரம்பரிய நடைப்பயணம் ஒன்று 1997 முதல் நடக்கிறது. காலை எட்டு மணிக்கு காலுப்பூர் சுவாமிநாராயண் கோயிலில் தொடங்கி ஜும்மா மசூதி வரை, ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். அதை முடித்துவிட்டு சீதி சையத் மசூதி, ஹட்டீசிங் ஜைனக் கோயில், மாலையில் சபர்மதி ஆசிரமம், இரவில் மாணேக் சௌக் சந்தையில் சாப்பாடு. ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். நான் அப்படித்தான் பார்த்தேன்.

மணிநகர்வாசி எழுதியது:

தம்பி, நான் 1993-இல் திருநெல்வேலியிலிருந்து வாழ்க்கைப்பட்டு இந்த ஊருக்கு வந்தவள். மணிநகர்ப் பக்கம், ஆலை வேலையை நம்பி வந்த தமிழ்க் குடும்பங்கள் பல இருக்கின்றன. மேலே நண்பர் சொன்ன இடங்கள் எல்லாமே பார்க்க வேண்டியவைதான். ஆனால் அம்மாவை வைத்துக்கொண்டு ஆறு இடங்களுக்கு ஆட்டோவில் ஏறி இறங்க வேண்டாம். ஒரே இடத்துக்கு ஒரே நாளில் மூன்று முறை போங்கள். அந்த இடம் மாணேக் சௌக்.

காலை ஏழு மணிக்குப் போனால் அது காய்கறிச் சந்தை. ஓரமாகப் புல் கட்டுகளோடு ஆட்கள் இருப்பார்கள். வருகிறவர்கள் ஒரு கட்டு வாங்கி அங்கேயே மாட்டுக்குக் கொடுத்துவிட்டுத் தங்கள் வேலைக்குப் போவார்கள். மூடியிருக்கும் நகைப் பட்டறைகளின் வாசலைக் கவனியுங்கள். ஒருவர் குந்தி உட்கார்ந்து, படிக்கல்லின் இடுக்கில் தேங்கிய தூசியைச் சின்னத் தூரிகையால் கூட்டி ஒரு தட்டில் சேர்ப்பார். நேற்று அராவியபோது உதிர்ந்த பொன்துகள் அதில் இருக்கும். நீரில் அலசிப் பிரித்தெடுத்து விற்பதுதான் அவரது தொழில். முதல்முறை பார்த்தபோது நான் அரை மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டேன். அவர் ஒரு முறைகூடத் தலை நிமிரவில்லை.

பதினொரு மணிக்குப் போனால் அதே இடம் தங்க, வெள்ளிச் சந்தை. 1894-இல் தொடங்கிய அகமதாபாத் பங்குச் சந்தை பல்லாண்டுக் காலம் இங்கேதான் இயங்கியது. பழைய கட்டடம் இன்னும் நிற்கிறது. வெயில் ஏறியதும் பக்கத்தில் ஜும்மா மசூதிக்குள் போய் உட்காருங்கள். ஊரை நிறுவிய சுல்தான் அகமது ஷா கட்டி 1424-இல் முடித்தது. 260 தூண்கள். தூண்களின் அடிப்பகுதியை அம்மாவிடம் காட்டுங்கள். நம் கோயில் மண்டபத் தூணில் கைவைத்துப் பழகியவர்களுக்கு அந்த உளி அன்னியமாகத் தெரியாது. வாசல் கோபுரங்கள் இரண்டும் 1819 பூகம்பத்தில் விழுந்துவிட்டன. கிழக்கு வாசல் வழியாக வெளியே வந்தால் அகமது ஷாவின் சமாதி, அதைத் தாண்டி அவருடைய அரசிகளின் சமாதி. அரசிகள் உறங்கும் அந்த மேடையைச் சுற்றி வளையலும் பாவாடையும் விற்கும் கடைகள் நெருக்கியடித்து நிற்கின்றன. எனக்கு அது மிகவும் பொருத்தமாகத் தோன்றும்.

இரவு ஒன்பது மணிக்கு மூன்றாம் முறை. நகைக்கடைகள் கதவு இறக்கிய இடத்தில் அடுப்புகள் ஏறியிருக்கும். பாவ் பாஜி, குல்பி, வெண்ணெய் மிதக்கும் குவாலியர் தோசை என்று நள்ளிரவு தாண்டியும் வியாபாரம் நடக்கும். சாக்லேட் சாண்ட்விச் கேட்டு இளைஞர்கள் கூடுவார்கள்; எனக்குப் பிடிக்காது. உட்கார பிளாஸ்டிக் நாற்காலி கிடைக்கும், அம்மாவுக்குச் சிரமம் இருக்காது.

காவிரிக்கரை எழுதியது:

மிக்க நன்றி அக்கா. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பொன்தூசி விஷயத்தை இரண்டு முறை படிக்கச் சொன்னார். இரண்டு கேள்விகள். நடுவில் கால் வலித்தால் எங்கே உட்கார்வது? வெளியிலிருந்து போகிறவர்கள் அங்கே ஒரு பழைய வீட்டின் உள்ளே பார்க்க முடியுமா?

நூல்கண்டு எழுதியது:

துணிக்காரர் என்பதால் சொல்கிறேன், தீன் தர்வாஜா என்னும் மூன்று வளைவு வாசலின் பக்கத்தில் டால்கர்வாட் துணிச் சந்தையை விட்டுவிடாதீர்கள். முடிச்சிட்டுச் சாயமேற்றும் பாந்தனி, அச்சுக்கட்டையால் அடிக்கும் அஜ்ரக் எல்லாம் கிடைக்கும். பாந்தனி வாங்கும்போது முடிச்சு அவிழ்க்காத துணியைக் கேளுங்கள். உங்கள் கண்ணெதிரில் இழுத்து அவிழ்ப்பார்கள். படபடவென்று முடிச்சு தெறிக்கும் ஓசை கேட்கும், துணியில் சுருக்கம் நிற்கும். மதுரைச் சுங்குடி கட்டும் வேலையும் இதுவும் ஒரே குடும்பம்தானே. அச்சடித்த போலி வழவழவென்று இருக்கும். ஞாயிறு காலையில் எல்லிஸ் பாலத்தின் கீழே ஆற்றங்கரையில் குஜரி சந்தை கூடும். பழைய இரும்பு, பழைய புத்தகம், கட்டில் என எல்லாம் வரும்.

மணிநகர்வாசி எழுதியது:

உட்கார லால் தர்வாஜா பகுதியில் லக்கி தேநீர்க் கடை. மேசைகளுக்கு நடுவே சமாதிகள் இருக்கும். கம்பி வேலி போட்டு, தினமும் பூ வைத்து மரியாதையாகப் பேணுகிறார்கள். வெண்ணெய் தடவிய பன்னும் தேநீரும் வாங்கிக்கொண்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம். மறைந்த ஓவியர் எம்.எஃப். உசேன் அங்கே வழக்கமாக வந்தவர். அவர் கொடுத்த ஓவியம் சுவரில் தொங்குகிறது. அங்கிருந்து சீதி சையத் மசூதி மிக அருகில். மாலை வெயில் படும்போது, மரக்கிளைகள் பின்னிக்கொண்ட அந்தக் கல் சாளரத்தை வெளியே நின்றே பார்க்கலாம், படி ஏற வேண்டியதில்லை.

வீட்டுக் கேள்விக்கு வருகிறேன். இங்கே ஒரே நுழைவாயிலுக்குள் அடங்கிய தெருக்கூட்டத்தைப் 'போள்' என்பார்கள். காடியா பகுதியில் என் தோழி வீடு ஒரு போளில் இருந்தது. வாசலில் ஓட்லோ, அதாவது நம் திண்ணை. உள்ளே முற்றம். முற்றத்துக்கு அடியில் மழைநீர் சேமிக்கும் நிலத்தடித் தொட்டி. தோழியின் மாமியார் கல் மூடியைத் தள்ளி, செம்புக் குடத்தைக் கயிற்றில் இறக்கி எடுத்துக் கொடுத்த நீர் மே மாதத்தில் பல் கூசும் குளிர்ச்சியாக இருந்தது. தெருமுனையில் பறவைகளுக்குத் தானியம் வைக்கும் மரத்தாலான சபூத்ரோ. செங்கல் சுவருக்குள் தேக்குச் சட்டங்களைப் பிணைத்துக் கட்டிய வீடு அது. 2001 ஜனவரி 26 பூகம்பத்தில் இந்த ஊரில் புதிய கான்கிரீட் அடுக்குமாடிகள் பல சரிந்து மக்கள் மாண்டார்கள். தோழியின் வீடு கிறீச்சிட்டு ஆடியது, நின்றது.

அந்த வீடு இப்போது இல்லை. பிள்ளைகள் ஆற்றின் மேற்குக் கரைக்குக் குடிபோனார்கள், வீடு விலைபோயிற்று. உத்திரம் தாங்கும், குதிரை செதுக்கிய மரப் போதிகைகளை ஒரு பழம்பொருள் வியாபாரி வண்டியில் ஏற்றியதை நானே பார்த்தேன். 2017-இல் இந்தியாவிலேயே முதலாவதாக உலகப் பாரம்பரிய நகரம் என்று யுனெஸ்கோ பெயர் சூட்டிய ஊர் இது. அந்தப் பெருமையில் இந்த மர வீடுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் ஒரு பழைய கூரையை மாற்ற வீட்டுக்காரருக்கு ஆகும் செலவை யார் தருவது? இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை. ஆகவே போய்ப் பாருங்கள். சில போள் வீடுகளை விருந்தினர் தங்கும் இல்லமாக நடத்துகிறார்கள். தரைத்தள அறை கேட்டு ஒரு இரவு தங்குங்கள். அப்படிப் பணம் வருகிற வீட்டை யாரும் இடிக்கமாட்டார்கள்.

அம்மா கேட்டதற்கும் பதில் சொல்ல வேண்டும். ஞாயிறு காலையில் கடைகளில் ஃபாஃப்டாவும் ஜிலேபியும் வாங்க வரிசை நிற்கும். டிசம்பர் என்பதால் உந்தியு கிடைக்கும்: அவரை, ராசவள்ளிக் கிழங்கு, சின்னக் கத்தரிக்காய், வெந்தயக்கீரை உருண்டை எல்லாம் சேர்ந்தது. ஆவியில் வேகவைக்கும் பலகாரங்களில் காமண் கடலை மாவில் செய்வது; டோக்ளா அரிசியும் பருப்பும் அரைத்துப் புளிக்கவைத்துச் செய்வது. அம்மாவுக்கு இட்லியின் நினைவு வரும். ஆனால் அவர் கட்டாயம் சாப்பிட வேண்டியது கீச்சு. தள்ளுவண்டியில் ஆவி பறக்க இருக்கும். என்னவென்று நான் சொல்லமாட்டேன், அவரே கண்டுபிடிக்கட்டும்.

காவிரிக்கரை எழுதியது:

போய் வந்துவிட்டோம் அக்கா. நீங்கள் சொன்னபடி மூன்று முறையும் மாணேக் சௌக். ஞாயிறு அன்று நான் மட்டும் அசார்வாவில் தாதா ஹரி படிக்கிணற்றில் இறங்கினேன், அம்மா மேலேயே நின்றார். அதை அங்கே 'வாவ்' என்கிறார்கள் என்றதும், "நம் வாவிதானே" என்றார்.

கீச்சு வண்டி இரண்டாம் நாள் மாலைதான் கண்ணில் பட்டது. கிண்ணத்தில் வெள்ளையாக, குழைவாக, மேலே எண்ணெயும் மிளகாய்த்தூளும். அம்மா ஒரு கரண்டி வாயில் வைத்ததும் நின்றுவிட்டார். "இது வடாம் மாவுடா. மொட்டை மாடியில் பிழிவதற்கு முன்னால் நாங்கள் அடுப்படியில் திருடித் தின்போமே, அதே கூழ்." வண்டிக்கார அம்மாளுக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்குக் குஜராத்தி தெரியாது. சீரகம், பச்சை மிளகாய், அரிசி மாவு என்று ஒவ்வொன்றாக டப்பாவைத் திறந்து காட்டினார். ஒரு வெள்ளைப் பொடி மட்டும் புரியவில்லை. அம்மா நுனிவிரலில் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, "அப்பளக்காரம்" என்றார். அந்த அம்மாள் "பாபட் காரோ" என்றார். இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.

நேற்று வீட்டில் செய்தோம். நல்லெண்ணெய் ஊற்றினோம். சுவை அப்படியே வரவில்லை.

மணிநகர்வாசி எழுதியது:

கடலை எண்ணெய் ஊற்றச் சொல்லுங்கள் தம்பி. பச்சையாக, காய்ச்சாமல். மாவை ஆவியில் இன்னும் ஐந்து நிமிடம் கூடுதலாக வைக்கச் சொல்லுங்கள்.