இந்திரஜித் குப்தா உள்துறை அமைச்சர் பதவியை ஏற்றது சரியா?

வியாசர்பாடி இளங்கோ:
எங்கள் படிப்பகத்தில் ஞாயிறன்று பேசிப் பேசியும் தீராத கேள்வியை இங்கே வைக்கிறேன். 1960-இல் கல்கத்தா தென்மேற்குத் தொகுதி இடைத்தேர்தலில் வென்று மக்களவைக்கு வந்த இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் இந்திரஜித் குப்தா, 2001 பிப்ரவரியில் மறையும் வரை, 1977 தோல்வி ஒன்று நீங்கலாக, 11 முறை வென்றவர். 1992-இல் சிறந்த நாடாளுமன்றவாதி விருதும் பெற்றார். அந்தப் பெயர் முழுவதும் எதிர்வரிசையில் அமர்ந்து ஈட்டியது என்பதே என் கருத்து. 1996 ஜூன் முதல் 1998 மார்ச் வரை மத்தியில் ஐக்கிய முன்னணிக் கூட்டணி அரசின் உள்துறை அமைச்சராக இருந்த காலம் அதில் எதையும் கூட்டவில்லை, கொஞ்சம் குறைத்தே விட்டது. ஜோதி பாசுவைத் தேடி வந்த பிரதமர் பதவியையே மார்க்சிஸ்ட் கட்சி மறுத்துவிட்ட நிலையில், 12 உறுப்பினர்களை மட்டும் வைத்திருந்த இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி காவல் துறைகளுக்குப் பொறுப்பான அமைச்சகத்தை ஏன் ஏற்றது?

தண்டையார்பேட்டை மூத்தவர்:
தம்பி இளங்கோ, நான் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். குப்தா பொதுச்செயலாளராக இருந்த ஏ.ஐ.டி.யு.சி. தொழிற்சங்கத்தில்தான் எனக்கும் உறுப்பினர் அட்டை இருந்தது. ஐ.சி.எஸ். குடும்பத்தில் பிறந்து, கேம்பிரிட்ஜில் படித்து, பிரிட்டன் கம்யூனிஸ்ட் தலைவர் ரஜனி பாமி தத்தின் தாக்கத்தால் பொதுவுடைமைக்கு வந்து, ஊர் திரும்பியதும் சணல் ஆலைத் தொழிலாளர்களிடம் போய்ச் சேர்ந்தவர் அவர். 1948-இல் கட்சி தடை செய்யப்பட்டபோது எந்த உள்துறைக்கு அஞ்சித் தலைமறைவாக வாழ்ந்தாரோ, அதே துறையின் கோப்புகள் 48 ஆண்டுகள் கழித்து அவர் மேசைக்கு வந்தன. அமைச்சரான பின்பும் பெரிய பங்களாவுக்குப் போகாமல், டில்லி வெஸ்டர்ன் கோர்ட் விடுதியின் இரண்டு அறைகளிலேயே இருந்தார். அதிகாரம் கைக்கு வந்தாலும் ஒரு தொழிற்சங்கவாதி மாறாமல் இருக்க முடியும் என்று நாடு பார்த்தது. இதை ஒன்றுமில்லை என்று என்னால் சொல்ல முடியாது.

கொருக்குப்பேட்டை தமிழரசி:
ஐயா, அவருடைய எளிமையை நான் மறுக்கவில்லை. ஆனால், ஓர் அமைச்சரை அவர் குடியிருந்த அறையை வைத்து எடைபோட முடியாது. அவர் துறை எடுத்த முடிவுகளை வைத்துத்தான் எடைபோட வேண்டும். 1997 அக்டோபரில் உத்தரப் பிரதேச சட்டமன்றத்தில் ஒலிவாங்கிகளைப் பிடுங்கி அடித்துக்கொண்ட அமளிக்கு நடுவே கல்யாண் சிங் நம்பிக்கை வாக்கில் வென்றார். அதன் பிறகும் ஆளுநர் ரொமேஷ் பண்டாரி குடியரசுத் தலைவர் ஆட்சி கேட்டார், பிரதமர் குஜ்ராலின் அமைச்சரவையும் அதற்குப் பரிந்துரைத்தது. மறுபரிசீலனை செய்யுங்கள் என்று கே.ஆர். நாராயணன் திருப்பி அனுப்பிய பிறகுதான் கைவிட்டார்கள். மாநில ஆட்சியைக் கலைக்க வழி தரும் அரசமைப்பின் 356-ஆவது பிரிவால் 1959-இல் கேரளத்தில் ஈ.எம்.எஸ். அரசைப் பறிகொடுத்த இயக்கத்திலிருந்து வந்தவர் உள்துறை அமைச்சராக இருக்கும்போது, அதே பிரிவைக் கையில் எடுக்க அந்த அமைச்சரவை எப்படித் துணிந்தது? 1976-இலும் 1991-இலும் அதே பிரிவால் தமிழ்நாட்டில் ஆட்சி கலைக்கப்பட்டதைப் பார்த்த நமக்கு இது சிறிய செய்தியா?

தண்டையார்பேட்டை மூத்தவர்:
அம்மா தமிழரசி, அது கூட்டணி அமைச்சரவையின் முடிவு. முலாயம் சிங் பாதுகாப்பு அமைச்சராக இருந்த அரசில், உத்தரப் பிரதேசம் பற்றி உள்துறை அமைச்சர் மட்டும் தனித்து நின்று முடிவெடுத்திருக்க முடியாது. குடியரசுத் தலைவர் திருப்பி அனுப்பியதும் பிடிவாதம் பிடிக்காமல் விட்ட அமைச்சரவையிலும் அவர்தான் இருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கொருக்குப்பேட்டை தமிழரசி:
பெரும்பான்மையை அவையில்தான் நிரூபிக்க வேண்டும் என்று பொம்மை வழக்கில் 1994-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவையின் மாண்பைப் பற்றி நாற்பதாண்டுக் காலம் பேசியவருக்கு அதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தனித்து நிற்க முடியாது என்றால் பதவி விலகியிருக்கலாம். கூட்டணியின் தவறில் பங்கு இல்லை, அதன் பெருமையில் மட்டும் பங்கு உண்டு என்பதை நான் ஏற்க மாட்டேன்.

பெரம்பூர் ரயிலடி:
நீங்கள் டில்லியையே சுற்றி வருகிறீர்கள். எங்கள் தெருவில் பின்னி ஆலையின் சங்கு கேட்டுத்தான் அடுப்பு பற்றவைப்பார்கள். 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததும், 1921-இல் துப்பாக்கிச் சூட்டைத் தாங்கியதும் அந்த ஆலையை வைத்துத்தான். அது மூடப்பட்டது 1996-இல், அதாவது கம்யூனிஸ்டுகள் முதன்முறையாக மத்திய அமைச்சரவைக்குள் போன அதே ஆண்டில். உள்துறையும் வேளாண்மையும் கிடைத்தவர்கள் தொழிலாளர் துறையையோ தொழில் துறையையோ கேட்டு வாங்கியிருக்க வேண்டாமா? சணல் ஆலையில் முதலுக்கும் உழைப்புக்கும் உள்ள உறவைப் பற்றி ஒரு நூலே எழுதியவருக்கு அதுதானே பொருத்தமான இடம்?

வியாசர்பாடி இளங்கோ:
ரயிலடி அண்ணன் கேட்பது நியாயம். அதற்கும் முந்தைய ஒன்றையும் மறக்கக் கூடாது. நெருக்கடி நிலையை அவருடைய கட்சி ஆதரித்தது. 1977-இல் கட்சி ஏழே இடங்களுக்குச் சுருங்கியது, அவரும் தோற்றார். ஆட்சிக்குப் பக்கத்தில் போனபோதெல்லாம் கட்சிக்கு நட்டம்தான்.

தண்டையார்பேட்டை மூத்தவர்:
நெருக்கடி நிலையை ஆதரித்தது தவறு என்று கட்சியே 1978 பட்டிண்டா மாநாட்டில் ஒத்துக்கொண்டது. நான் அதற்கு வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால், பதவி போன பிறகு அவர் செய்த ஒரு வேலையை யாரும் தொடவே இல்லை. தேர்தல் செலவை அரசே ஏற்பது பற்றி ஆராய 1998-இல் வாஜ்பாய் அரசு அமைத்த குழுவுக்குத் தலைவராக, எதிர்க்கட்சியில் இருந்த இவரைத்தான் கூப்பிட்டார்கள். அதில் மன்மோகன் சிங்கும் சோம்நாத் சட்டர்ஜியும் உறுப்பினர்கள். பணமாகக் கொடுக்காமல் எரிபொருள், காகிதம், ஒலிபெருக்கி என்று பொருளாகக் கொடுக்கலாம் என்றது அந்த அறிக்கை. ஆர்.கே. நகரில் 2017 ஏப்ரல் இடைத்தேர்தலைப் பணப் பட்டுவாடாவுக்காகத் தேர்தல் ஆணையம் ரத்து செய்ததை நம் தெருவில் நின்று பார்த்தவர்கள், அந்த அறிக்கை கிடப்பில் போனதற்காகவாவது வருந்த வேண்டும்.

கொருக்குப்பேட்டை தமிழரசி:
அந்த ரத்து அறிவிப்பு வந்தபோது நானும் அந்தத் தொகுதி வாக்காளர்தான் ஐயா. வீட்டு வாசலில் கொடுக்கிற பணத்தை, கட்சிக்கு அரசு கொடுக்கிற காகிதமும் டீசலும் நிறுத்தாது. மேலும், அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்கும் அவற்றின் வேட்பாளர்களுக்கும் மட்டுமே உதவி, சுயேச்சைகளுக்கு இல்லை என்கிறது அதே அறிக்கை. 1957-இல் பின்னி ஆலைத் தொழிலாளர்களின் தலைவர் அந்தோணிப் பிள்ளையை வடசென்னை மக்கள் சுயேச்சையாகத்தான் மக்களவைக்கு அனுப்பினார்கள். அப்படி ஒருவர் இன்று நின்றால், குப்தா குழு அவருக்கு ஒரு லிட்டர் டீசல்கூடத் தராது.

தண்டையார்பேட்டை மூத்தவர்:
சுயேச்சைக்கும் கொடுத்தால், உதவியை வாங்குவதற்காகவே நூறு பேர் மனுத் தாக்கல் செய்வார்கள் அம்மா. ஆனாலும், அந்தோணிப் பிள்ளை போன்றவருக்கு வழி இருந்திருக்க வேண்டும் என்பதில் எனக்கும் உடன்பாடுதான். இவ்வளவு வாக்குகளுக்கு மேல் பெற்றால் செலவைத் திருப்பித் தருவது என்று அந்த அறிக்கையிலேயே ஒரு விதி சேர்த்திருக்கலாம்.