வங்கி பி.ஓ. பணி ஆணை வந்துவிட்டது, சேரலாமா? – அனுபவப் பகிர்வு

கேள்வி

பொதுத்துறை வங்கி ஒன்றில் பி.ஓ.வாக (புரொபேஷனரி ஆபிசர், அதாவது தகுதிகாண் அதிகாரி) தேர்வாகி ஒதுக்கீடு வந்திருக்கிறது. இன்னொரு பக்கம் குரூப் 1-க்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். சம்பளத்தைப் பற்றி எல்லோரும் சொல்கிறார்கள். உள்ளே என்ன வேலை, புதிதாகச் சேருகிறவர்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்று தெரிந்தவர்கள் சொன்னால் முடிவெடுக்க உதவியாக இருக்கும்.

மனிதவளப் பிரிவில் இருப்பவர்

பணி ஆணையை வரி விடாமல் படியுங்கள் தம்பி. பாண்ட் (இத்தனை ஆண்டு வேலை பார்ப்பேன் என்று எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தம்), தகுதிகாண் காலம், பணியிடம் ஆகிய மூன்றும் எப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள்.

பாண்ட் வங்கிக்கு வங்கி மாறும். எஸ்பிஐ-யில் 3 ஆண்டு வேலை பார்க்க வேண்டும், இடையில் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று அறிவிக்கையிலேயே போட்டிருப்பார்கள். ஐபிபிஎஸ் (வங்கிகளுக்குப் பொதுத் தேர்வு நடத்தும் அமைப்பு) வழியாக ஆள் எடுக்கும் வங்கிகளில் தொகையும் ஆண்டும் வேறு வேறு. ‘பாண்டெல்லாம் கோர்ட்டில் நிற்காது’ என்று யாராவது சொன்னால் அதை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு பொதுத்துறை வங்கி விதித்திருந்த 3 ஆண்டு, 2 லட்சம் நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. குரூப் 1 கிடைத்தால் கிளம்பிவிடலாம் என்ற எண்ணம் இருந்தால், அந்தத் தொகையை இப்போதே ஒரு செலவாகக் கணக்கில் வையுங்கள்.

தகுதிகாண் காலம் எஸ்பிஐ-யில் 2 ஆண்டு. பல வங்கிகளிலும் இதே அளவுதான். சும்மா நாளைக் கடத்தினால் பணி உறுதியாகிவிடாது. எஸ்பிஐ-யில் இறுதித் தேர்வு உண்டு. அதில் உயர்ந்த தரம் காட்டுகிறவர்கள் நேராக அடுத்த அதிகாரி நிலையான ஸ்கேல் 2-க்குப் போகலாம், மற்றவர்கள் தொடக்க நிலையான ஸ்கேல் 1-இல் உறுதியாவார்கள், தேறாதவர்களின் பணி முடிவுக்கு வரும். சேரும்போது இந்த விதியைக் கவனிக்கிறவர்கள் மிகவும் குறைவு.

அடிப்படைச் சம்பளம் ஸ்கேல் 1-இல் 48,480-இல் தொடங்கி 85,920 வரை போகும். எஸ்பிஐ 4 இன்கிரிமெண்டை முன்கூட்டியே கொடுப்பதால் அங்கே தொடக்கம் 56,480. 2010 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷன் இல்லை, என்பிஎஸ் என்ற பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம்தான். அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் 10 சதவீதம் உங்களிடம் பிடிப்பார்கள், 14 சதவீதம் வங்கி போடும். ‘கையில் எவ்வளவு வரும்’ என்று கேட்கும்போது இந்தப் பிடித்தத்தையும் கழித்துக்கொண்டு கேளுங்கள்.

கடன் பிரிவில் நீண்ட நாள் இருப்பவர்

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் சம்பளத்தையும் பாண்டையும் மட்டும் வைத்து இதை முடிவு செய்யாதீர்கள். இது கையெழுத்துக்குப் பொறுப்பேற்கும் வேலை. இன்று நீங்கள் போடும் கையெழுத்துக்கு ஐந்து ஆண்டு கழித்து, வேறு மாநிலத்தில் இருக்கும்போதுகூடப் பதில் கேட்பார்கள். அந்தச் சுமையோடு நிம்மதியாகத் தூங்க முடியுமா என்று யோசியுங்கள்.

கிளைக்குப் போன முதல் வாரத்திலிருந்தே இது தொடங்கிவிடும். கிளார்க் பதிவு செய்வார், அதிகாரி தன் ஐடியில் அங்கீகரிப்பார். இருவர் கண் பட வேண்டும் என்பதற்காகத்தான் இந்த மேக்கர்-செக்கர் முறை. கூட்டம் நெரியும் நாளில் ‘சார், பாஸ்வேர்டு சொல்லுங்க, நானே பாஸ் பண்ணிடறேன்’ என்று பக்கத்து மேசையிலிருந்து குரல் வரும். கேட்பவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அந்த ஐடியில் நடக்கும் ஒவ்வொரு பரிவர்த்தனையும் உங்கள் பெயரில்தான் பதிவாகும். புதியவர்கள் மாட்டுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கவுண்டரில் நாற்பது பேர் நின்றாலும் கொடுக்காதீர்கள்.

அடுத்தது கடன் மேசை. சிறுதொழில் நடப்பு மூலதனக் கடன் (அன்றாடத் தொழிலை ஓட்டக் கொடுக்கும் கடன்) ஒன்றை எடுத்துக்கொள்வோம். 5 கோடி வரையிலான கடனுக்கு விற்றுமுதல் முறையில், எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் 20 சதவீதத்தை வங்கி கொடுக்கும், 5 சதவீதம் தொழில் செய்பவர் கையிலிருந்து வர வேண்டும். கணக்கு எளிது. ‘எதிர்பார்க்கும் விற்பனை’ என்ற எண்ணில்தான் வழுக்கும். போன ஆண்டு 60 லட்சம் விற்றவர் அடுத்த ஆண்டு ஒன்றரைக் கோடி விற்பேன் என்று எழுதிக் கொடுத்தால், ஜிஎஸ்டி கணக்கையும் நடப்புக் கணக்கில் வந்து போன தொகையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் தாளை நகர்த்தக் கூடாது. இடத்தை நேரில் போய்ப் பாருங்கள். ஸ்டாக் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது, அது யாருடையது, பில் யார் பெயரில் இருக்கிறது என்றும் கேளுங்கள். கடன் கொடுத்த பிறகு மாதாமாதம் ஸ்டாக் ஸ்டேட்மெண்ட் வாங்கி, கடனுக்கு வாங்கிய சரக்கைக் கழித்து, மார்ஜினையும் (தொழில் செய்பவர் போட வேண்டிய பங்கு) கழித்துத்தான் டிராயிங் பவர், அதாவது அவர் எடுக்கக்கூடிய கடன் அளவு, போட வேண்டும். அந்தக் கழித்தலை விட்டுவிட்டால் சப்ளையரின் சரக்குக்கு வங்கி இரண்டாம் முறை பணம் கொடுத்ததாகிவிடும்.

வீட்டுக் கடன், அடமானக் கடனில் வக்கீலின் கருத்துரை, மதிப்பீட்டாளரின் அறிக்கை இரண்டும் வரும். இவை உங்கள் வேலைக்கு மாற்று ஆகாது. வில்லங்கச் சான்றை நீங்களே மறுபடி எடுத்துப் பாருங்கள். பத்திரத்தில் இருக்கும் நான்கெல்லையை வைத்து இடத்தில் நின்று சரிபாருங்கள். பத்திரம் ஒரு மனைக்கு, போட்டோ பக்கத்து மனைக்கு என்று இருக்கும் ஃபைல்கள் ஆடிட்டில் வெளிவரும்போது, அன்று கையெழுத்துப் போட்டவரைத்தான் தேடுவார்கள்.

தவணை தவறினால் எஸ்எம்ஏ என்ற எச்சரிக்கை நிலைக்குக் கணக்கு போகும்: 1 முதல் 30 நாள் வரை எஸ்எம்ஏ-0, 60 வரை எஸ்எம்ஏ-1, 90 வரை எஸ்எம்ஏ-2. அதைத் தாண்டினால் வாராக் கடன். குறுகிய காலப் பயிர்க்கடனுக்கு மட்டும் இரண்டு பயிர்ப் பருவம் என்று கணக்கு. நல்ல ஃபீல்ட் ஆபிசர் 85-ஆவது நாளில் ஓட மாட்டார், 10-ஆவது நாளில் போன் செய்வார். முதல் தவணை தவறும்போது மனிதர் பேசுவார், மூன்றாவதில் போனை எடுக்க மாட்டார்.

இன்னொன்றைப் பயிற்சி வகுப்பில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். புரோநோட்டு போன்ற ஆவணங்கள் 3 ஆண்டில் காலாவதி ஆகும். அதற்குள் கடனாளியிடம் கடனை ஒப்புக்கொள்ளும் கடிதம் வாங்காவிட்டால் வழக்குப் போடும் உரிமையே போய்விடும். முந்தைய அதிகாரி கொடுத்த கடனாக இருந்தாலும், உங்கள் காலத்தில் காலாவதியானால் அது உங்கள் தவறு. கிளையில் பொறுப்பேற்றதும் எல்லா ஃபைல்களின் ஆவணத் தேதியையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு வாரம் ஆகும், ஆனால் செய்தே தீர வேண்டிய வேலை.

இதைப் படிக்கும்போது ‘இது எனக்குப் பிடிக்கும், தோண்டித் துருவிப் பார்ப்பேன்’ என்று தோன்றினால் தயங்காமல் சேருங்கள். இருபத்து மூன்று வயதில் ஒரு ஊரின் தொழில் முழுவதையும் உள்ளே புகுந்து பார்க்கும் வாய்ப்பை வேறு எந்த வேலையும் தராது.

தேர்வுக்குப் படித்துக்கொண்டே வேலை பார்க்கலாமா என்பது பற்றி, பயிற்சி மையத்தில் கற்பிப்பவர்

குரூப் 1-ஐயும் இதையும் சேர்த்து ஓட்டுவது கடினம், முடியாதது அல்ல. இரண்டாம், நான்காம் சனி விடுமுறை 2015 செப்டம்பரிலிருந்து இருக்கிறது. மற்ற சனிக்கிழமைகள் முழு வேலை நாள். காலாண்டு முடியும் நாள்களையும் குறிப்பாக மார்ச் மாதத்தையும் படிப்புக்கான நாள்களாகக் கணக்கில் வைக்க வேண்டாம். முதனிலைத் தேர்வை ஏற்கெனவே தாண்டியவர்கள் சேர்ந்துவிட்டு மெயின்ஸ் எழுதுவது நடக்கும். இனிமேல்தான் அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டும் என்றால் முதல் ஓராண்டை வங்கிக்கே எழுதிவிட வேண்டியதுதான். வேறு அரசுத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போது வங்கியிடம் முறையாகத் தெரிவித்துத் தடையில்லாச் சான்று வாங்குங்கள். மறைத்து எழுதிவிட்டு, வேலை கிடைத்த பிறகு விடுவிப்பு ஆணைக்கு அலைய வேண்டாம்.

வங்கியிலேயே இருப்பது என்று முடிவு செய்தால் வங்கி ஊழியர்களுக்கான ஜேஏஐஐபி தேர்வை முதலில் எழுதிவிடுங்கள். நான்கு தாள், தாளுக்கு 50 மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி. கிளையில் பார்க்கும் வேலையும் பாடமும் ஒன்றாகவே போகும் காலம் அது.

தனியார் வங்கியில் இருப்பவர்

இதே கேள்வியோடு தனியார் பக்கம் பார்ப்பவர்களுக்காகச் சொல்கிறேன். அங்கே சில பயிற்சித் திட்டங்களில் நீங்கள்தான் கட்டணம் கட்ட வேண்டும், அதற்குக் கல்விக் கடனும் ஏற்பாடு செய்து தருவார்கள். பயிற்சியில் தேறாவிட்டாலோ பாதியில் விலகினாலோ கடன் உங்கள் தலையில்தான் நிற்கும். மாதத் தவணை போக மிஞ்சும் சம்பளம் எவ்வளவு, பயிற்சி முடிந்ததும் எந்தப் பதவி, விற்பனைப் பிரிவா கிளைச் செயல்பாடா என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தையாக ‘கிரெடிட் (கடன் பிரிவு) கொடுப்போம்’ என்பார்கள், போய்ச் சேர்ந்தால் சேமிப்புக் கணக்கும் இன்ஷூரன்சும் விற்கும் டார்கெட்டாக இருக்கும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. இன்னும் ஒன்று: கல்விக் கடனில் நான்கு மாதத் தவணை பாக்கி நிற்கிறது. சேர்வதற்கு இது தடையாகுமா?

மனிதவளப் பிரிவில் இருப்பவர்

ஆகலாம். இதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். சேரும்போது கடன் வரலாறு நல்ல நிலையில் இருக்க வேண்டும் என்று ஐபிபிஎஸ் அறிவிக்கையிலேயே இருக்கிறது. குறைந்தபட்ச ஸ்கோரை அந்தந்த வங்கி முடிவு செய்யும். பாதகமான சிபில் (கடன் வரலாற்றைப் பதிவு செய்யும் நிறுவனம்) பதிவுக்காக ஒருவரின் நியமனத்தை எஸ்பிஐ ரத்து செய்ததைச் சென்னை உயர் நீதிமன்றம் 2025-இல் சரி என்றது. எனவே பாக்கியை இந்த வாரமே கட்டி, கடன் கொடுத்த கிளையில் நிலுவை இல்லை என்று கடிதம் வாங்குங்கள். சிபிலில் பதிவு மாற நாளாகும் என்பதால் அந்தக் கடிதத்தைக் கையோடு கொண்டுபோக வேண்டும்.

கூடவே சாதிச் சான்றையும் எடுத்துப் பாருங்கள். நம் மாநிலத்தின் பி.சி., எம்.பி.சி. சான்று அங்கே செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயரில் (வசதி படைத்த பிரிவில்) வராதவர் என்ற வாசகத்தோடு ஓபிசி சான்று வேண்டும், அறிவிக்கையில் சொன்ன தேதிக்குள் வாங்கியதாகவும் இருக்க வேண்டும். வட்டாட்சியர் அலுவலகத்துக்கு நாளைக்கே போய்விடுங்கள்.