வாட்டில ஏசினாத்தான் நல்ல டொக்டர் வருவாரோ?

வட்டக்கச்சி அக்கா:
என்ரை தம்பி மருத்துவபீடத்தில மூண்டாம் வருசம். போன கிழமை திடீரெண்டு வீட்டை வந்திட்டான். வந்த அண்டைக்குத் தோய்ச்ச வெள்ளைக் கோட்டு இண்டைக்கும் கொடியிலதான் கிடக்கு. எடுக்க விடுறானில்லை. நோயாளிக்கு முன்னால, "உனக்கு இங்கிலீசும் தெரியாது, மெடிசினும் தெரியாது" எண்டு வாட்டில படிப்பிக்கிற டொக்டர்மார் ஏசியிருக்கினம். ஏ.எல். வரைக்கும் தமிழில படிச்ச பிள்ளை. விடை தெரியுமாம், வாயில வரேல்லையாம். இதுவோ படிப்பிக்கிற முறை?

பழைய வைத்தியர், வவுனியா:
கேக்கவே கவலையா இருக்கு, தங்கச்சி. ஆனா கண்டிப்பே வேண்டாம் எண்டு சொல்லாதேங்கோ. மருந்தின்ரை அளவில ஒரு புள்ளி இடம் மாறினா பத்து மடங்கு ஏறிப்போகும். 2009இல கடைசிப் போர் நேரம் மாத்தளனில மருந்தும் இல்லாமல் காயக்காரரைப் பாத்தவை அந்தக் கண்டிப்பில வளர்ந்தவைதான்.

கனகராயன்குளத்தான்:
ஐயா, அவையைத் தாங்கினது ஏச்சோ? 2016இல 47 நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பாத்ததில, மருத்துவ மாணவரில 27.2 வீதமானவைக்கு மனச்சோர்வு அல்லது அதின்ரை அறிகுறி. அவையிலயும் சிகிச்சை தேடினது 15.7 வீதம்தான். அமெரிக்காவில செயின்ற் லூயிஸ் பல்கலைக்கழகத்தில ஆரம்ப வருசங்களுக்குத் தரப்புள்ளியை விட்டிட்டுப் பாஸ், பெயில் மட்டும் வைச்சவை, வகுப்பு நேரத்தையும் 10 வீதம் குறைச்சவை. மனச்சோர்வு குறைஞ்சது, சோதனைப் பெறுபேறு விழேல்லை.

பழைய வைத்தியர், வவுனியா:
அங்கை நாலைஞ்சு மாற்றத்தை ஒண்டாச் செய்தவை. எது சுகப்படுத்தினது எண்டு பிரிச்சுச் சொல்ல ஏலாது. இஞ்சை படிச்சு முடிச்சு ஆஸ்பத்திரியில பயிற்சி எடுக்கிற இன்டேர்ன் இடமே இறுதிச் சோதனைத் தரவரிசையிலதான் கிடைக்குது.

கனகராயன்குளத்தான்:
இறுதிச் சோதனை அப்பிடியே இருக்கட்டும். தொடக்கத்திலயே பயந்துபோன பிள்ளை வாட்டில வாய் திறக்காது. நான் வாட்டில படிக்கேக்கை பழகினது பிழையை மறைக்க. தெரியாததைக் கேக்கப் பழகேல்லை. நோயாளிக்கு அதைவிட ஆபத்து என்ன ஐயா?

பழைய வைத்தியர், வவுனியா:
மறைக்கிறது உண்மைதான். நானும் ஒருக்கா மறைச்சனான், இண்டைக்கும் மனசைக் குத்துது. ஆனா அளவு பிழைச்சா அந்த இடத்திலயே மறிச்சுச் சொல்லத்தான் வேணும், அதில நான் மாறமாட்டன். தங்கச்சி, தம்பி நித்திரை கொள்ளுறானோ? மனநல உதவி இலக்கம் 1926க்கு எந்த நேரமும் எடுக்கலாம், தமிழிலயும் கதைக்கலாம்.

வட்டக்கச்சி அக்கா:
விடியப்புறம் மூண்டு மணிக்கு முத்தத்தில நடக்கிறான், ஐயா. இண்டைக்குக் காலமை கிளிநொச்சியில மனநல டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போனன். வந்து, கோட்டைக் கொடியில இருந்து தானே எடுத்தான். மடிக்கேல்லை. கதிரையில போட்டிருக்கிறான்.